மார்ச் மாதத்தில் தெற்கு இத்தாலி: பூலியாவும் பசிலிகாத்தாவும் போதும்

ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் முன்பே பார்த்துவிட்டதால், மார்ச் மாதப் பிற்பகுதியில் மனைவியோடும் எழுபது வயதைக் கடந்த அம்மாவோடும் சென்னையிலிருந்து புறப்பட்டு, பத்து நாள் வாடகைக் காரில் அதிகம் பேர் போகாத இத்தாலியப் பகுதிகளைச் சுற்ற விரும்புவதாகவும், அப்ரூத்சோ, கர்கானோ, பூலியா, பசிலிகாத்தா, கலாப்ரியா ஆகிய ஐந்தையும் ஒரே வட்டத்தில் முடிக்க இயலுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வரைபடத்தில் கிலோமீட்டரைக் கூட்டிப் பார்த்தால் இயலும் என்றுதான் தோன்றும். ஆனால் வசந்தத்தின் தொடக்கத்தில் இத்தாலியில் பாதையைத் தீர்மானிப்பது தூரம் அன்று; ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும், அங்கே எந்த நேரத்தில் எது திறந்திருக்கும் என்பதுமே. இவ்விரண்டையும் வைத்துப் பார்த்தால் பூலியா, பசிலிகாத்தா என்ற அண்டைப் பகுதிகள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுவதே நல்லது.

விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்ரூத்சோ மே, ஜூன் மாதங்களில் இத்தாலியின் மிக அழகிய பகுதிகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் நடுவில் 2,912 மீட்டர் உயரத்தில் நிற்கும் கிரான் சாஸ்ஸோ மலைத்தொடரும் அதன் கீழே விரியும் காம்ப்போ இம்ப்பெராத்தோரே மேட்டுச் சமவெளியும் மார்ச்சில் பனிச்சறுக்குக்காரர்களுக்கே உரியவை. நீங்கள் படங்களில் பார்த்த பச்சைப் புல்வெளி அப்போது வெள்ளையாக இருக்கும். மேலே செல்லும் பாதைகளும் மூடப்பட்டிருக்கக்கூடும். பூலியாவின் வடகோடியில் கடலுக்குள் நீளும் கர்கானோவின் சிக்கல் வேறு. வியெஸ்தே போன்ற அதன் கடற்கரை ஊர்கள் கோடை வருமானத்தை நம்பி வாழ்பவை. ஈஸ்டருக்கு முன்னால் போனால் விடுதிகளிலும் உணவகங்களிலும் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும். கலாப்ரியா நீளமான, மலைப்பாங்கான நிலம். அதற்குத் தனிப் பயணம்தான் முறை.

பூலியாவின் பெரும்பகுதி சமவெளியும் தாழ்ந்த மேட்டு நிலமும் ஆனது. மார்ச் பிற்பகுதியில் பாரி, லெச்சே போன்ற ஊர்களில் பகல் வெப்பம் ஏறக்குறைய 15, 16 பாகையைத் தொடும். இரவில் ஏழு, எட்டுக்கு இறங்கும். மழை வரும், ஆனால் நாள் முழுக்கப் பெய்வது அரிது. கடலில் இறங்க முடியாது. அது உங்கள் நோக்கமும் இல்லை. அதற்கு ஈடாகச் சாலையின் இரு மருங்கிலும் சுண்ணாம்புக்கல் வேலிகளுக்கு இடையே புல்லும் காட்டுப்பூக்களும் பச்சைக் கோதுமையும் நிற்பதைப் பார்க்கலாம். ஜூலையில் அதே நிலம் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும். பசிலிகாத்தா மட்டும் எச்சரிக்கை தேவைப்படும் இடம். அதன் தலைநகர் பொத்தென்சா 819 மீட்டர் உயரத்தில் இருப்பது. இத்தாலியின் பகுதித் தலைநகரங்களில் அதைவிட உயரமானது இல்லை. ஆகவே லெச்சேயில் கம்பளிச் சட்டையைக் கழற்றிய அதே வாரத்தில் பொத்தென்சாவுக்கு அருகே பனி விழுவது அதிசயமில்லை. இதனால்தான் தென்கிழக்கு மூலையில் தொடங்கி, நாள்கள் செல்லச் செல்ல வடமேற்கே மேடேறும்படி பாதையை அமைக்கச் சொல்கிறேன்.

தங்குமிடங்களைப் பொறுத்தவரை, ஒவ்வொரு நாளும் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பது அம்மாவுக்கு ஒத்துவராது. பாரியில் ஓர் இரவு, லெச்சேயில் மூன்று, இத்ரியா பள்ளத்தாக்கில் இரண்டு, மத்தேராவில் மூன்று, விமானம் ஏறும் முன் த்ரானியில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். விமானத்திலிருந்து இறங்கிய கையோடு காரை எடுக்க வேண்டாம். இரவெல்லாம் பறந்து வந்த களைப்பில், இடப்பக்கம் ஓட்டிப் பழகிய ஒருவர் வலப்பக்கச் சாலையில் கியரை வலக்கையால் மாற்றிக்கொண்டு பாரி நகர நெரிசலுக்குள் நுழைவது வேண்டாத சோதனை. விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயிலே இருக்கிறது. முதல் நாள் பழைய பாரியின் சந்துகளில் நடந்து, 1087-இல் மீரா நகரிலிருந்து கொண்டுவரப்பட்ட புனித நிக்கோலாஸின் எலும்புகள் வைக்கப்பட்டிருக்கும் பேராலயத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக உறங்கி, மறுநாள் காலை விமான நிலையத்துக்குத் திரும்பிக் காரை எடுங்கள். அங்கிருந்து லெச்சேவுக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பிரிந்திசி நகர் வழியாகச் செல்லும் இருவழி அகலச் சாலை, சுங்கம் கிடையாது. கை பழகுவதற்கு இதைவிட ஏற்ற பாதை அமையாது.

லெச்சே மஞ்சள் கலந்த வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லால் ஆன நகரம். அந்தக் கல் வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருப்பதால்தான் 17ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் சாந்தா குரோச்சே ஆலயத்தின் முகப்பில் பழங்களையும் விலங்குகளையும் தேவதூதர்களையும் இடைவெளியே இல்லாமல் செதுக்கித் தள்ள முடிந்தது. பழைய நகரம் தட்டையானது, வண்டிகள் குறைவு; அம்மா நிதானமாக நடக்கலாம். அங்கிருந்து ஒரு நாள் ஒத்ராந்தோவுக்குச் செல்லுங்கள். முக்கால் மணிநேரப் பயணம். அதன் பேராலயத்தின் தரை முழுவதும், 1163-க்கும் 1165-க்கும் இடையில் பந்தலேயோனே என்ற துறவியின் மேற்பார்வையில் பதிக்கப்பட்ட ஒரே மொசைக் ஓவியம். வாயிலிலிருந்து பலிபீடம் வரை வளரும் ஒரு மரத்தின் கிளைகளில் நோவா, அலெக்சாந்தர், ஆர்தர் மன்னர், பன்னிரண்டு மாதங்களின் உழவு வேலைகள் என்று எல்லாமே ஏறி அமர்ந்திருக்கின்றன. அந்த மரத்தைத் தாங்குபவை இரண்டு யானைகள். யானையைப் பார்த்தறியாத கையால் வரையப்பட்டவை என்பது நம் ஊர்க்காரருக்குப் பார்த்தவுடன் புரியும். மதிய இடைவேளையில் ஆலயத்தை மூடிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். பிறகு இத்தாலியின் கிழக்குக் கோடியான பலாஷியா முனை வழியாகச் சாந்தா மரியா தி லெயுக்கா வரை இறங்கும் கடலோரச் சாலையில் நிதானமாக ஓட்டுங்கள். கோடையில் நத்தை வேகத்தில் நகரும் அந்தச் சாலை மார்ச்சில் ஏறக்குறைய உங்களுக்கே சொந்தம்.

லெச்சேயும் ஒத்ராந்தோவும் அமைந்த இதே சலேந்தோ தீபகற்பத்தில் கண்ணுக்கு வருத்தம் தரும் ஒரு காட்சியும் உண்டு. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. 2013-இல் கல்லிப்போலிக்கு அருகே கண்டறியப்பட்ட சைலெல்லா என்ற பாக்டீரியா, ஒலிவ மரங்களின் நீர்க்குழாய்களை அடைத்துக் கோடிக்கணக்கில் மரங்களைத் தாக்கியது. லெச்சேவுக்குத் தெற்கே மைல் கணக்கில் சாம்பல் நிறக் கட்டைகள் நிற்பதைக் காண்பீர்கள். சில தோட்டங்களில் நோயைத் தாங்கும் புதிய கன்றுகள் நடப்பட்டிருக்கும். வடக்கே ஒஸ்தூனிக்கும் ஃபசானோவுக்கும் இடைப்பட்ட கடலோரச் சமவெளியில்தான் முறுக்கிப் பிழிந்தது போன்ற தண்டுகளோடு பல நூற்றாண்டு வயதான மரங்களை இன்னும் பார்க்க முடிகிறது. லெச்சேயிலிருந்து இத்ரியா பள்ளத்தாக்குக்குப் போகும் நாளில் அந்த வழியே செல்லுங்கள்.

இத்ரியா பள்ளத்தாக்கில் எல்லாரும் தேடிப்போவது ஆல்பெரொபெல்லோவின் த்ருல்லோ வீடுகளை. சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல்லடுக்கிக் கூம்புக் கூரை எழுப்பிய அவ்வீடுகள் 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. புதிய குடியிருப்புகளுக்கு நேப்பிள்ஸ் அரசு விதித்த வரியைத் தவிர்க்க, அதிகாரி வரும்போது கூரையைக் கலைத்துவிட வசதியாகவே நிலப்பிரபுக்கள் சாந்து இல்லாமல் கட்டச் சொன்னார்கள் என்பது அங்கே வழங்கும் விளக்கம். ரியோனே மோந்தி என்ற பெரிய பகுதி இப்போது நினைவுப்பொருள் கடைகளின் வரிசை. எதிர்ப்புறச் சரிவிலுள்ள ஆயா பிக்கோலா பகுதியில்தான் மக்கள் குடியிருக்கிறார்கள். அங்கே காலை ஒன்பது மணிக்கு முன் நடந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். இரவு தங்குவதற்கு மார்த்தினா ஃபிராங்காவோ லோகோரொத்தோந்தோவோ பொருத்தம். த்ருல்லோவுக்குள்ளேயே தங்கும் ஆசை எல்லாருக்கும் வரும்; ஆனால் தடித்த சுவர் குளிர்காலத்து ஈரத்தை மார்ச் வரை பிடித்து வைத்திருக்கும். வெப்பமூட்டும் வசதி எப்படி, அதற்குத் தனிக் கட்டணமா, படுக்கை மாடத்தில் ஏணி ஏறிப் போவதா என்று மூன்றையும் எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பாரி, லெச்சே போன்ற நகரங்களில் பொது வெப்பமூட்டிகளை இயக்கச் சட்டம் அனுமதிக்கும் பருவம் வழக்கமாக மார்ச் 31-ஓடு முடிந்துவிடுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் கைப்பேசி வழிகாட்டியை முழுதாக நம்பக் கூடாது. அது இரண்டு நிமிடம் மிச்சப்படுத்துவதற்காகத் தோட்டங்களுக்கு நடுவே கல்வேலிகள் இருபுறமும் நெருக்கும் சந்துகளுக்குள் கொண்டு தள்ளிவிடும். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு கடைசியாகக் கண்ட வாயிற்கதவு வரை பின்னோக்கிப் போவதைத் தவிர வழியில்லை. சிறிய காராக எடுக்கச் சொல்வது இதனால்தான். மூன்று பேர், இரண்டு பெரிய பெட்டி என்றால் ஃபியட் பாண்டா அளவுக்குச் சற்று மேற்பட்ட வண்டி போதும். தானியங்கி கியர் வேண்டுமானால் இப்போதே பதிவுசெய்யுங்கள். இத்தாலிய வாடகை நிறுவனங்களிடம் கைக்கியர் வண்டிகளே மிகுதி.

அடுத்து மத்தேரா. கிராவினா ஆற்றுப் பிளவின் சரிவில், பாறையைக் குடைந்தும் குடைந்த கல்லைக் கொண்டே முன்பக்கம் கட்டியும் உருவான சாஸ்ஸி குடியிருப்புகள் அங்கே உள்ளன. மின்சாரமும் குழாய்நீரும் இன்றி, கழுதையும் குடும்பமும் ஒரே குகையில் வாழ்ந்த நிலையைக் கண்டு நாடு வெட்கியதன் விளைவாக 1952-இல் தனிச் சட்டமே இயற்றி மக்களைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். காலியாகக் கிடந்த அதே குகைகள் 1993-இல் உலக மரபுச் சின்னமாகி, 2019-இல் ஊர் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகவும் விளங்கியது. இன்று அவற்றில் பல விலையுயர்ந்த விடுதிகள். குகை விடுதிதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். காரை அங்கே கொண்டுபோக முடியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழவழப்பான கற்படிகளில் இறங்க வேண்டும். மழை பெய்தால் அந்தப் படிகள் அம்மாவுக்கு ஆபத்து. மேலே சமதளத்திலுள்ள வித்தோரியோ வேனெத்தோ சதுக்கத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தால், வாசலிலிருந்து சில நிமிட நடையிலேயே சாஸ்ஸியைக் கீழே பார்க்கும் மாடங்கள் உண்டு. அதே சதுக்கத்துக்கு அடியில்தான் பலொம்பாரோ லுங்கோ என்ற பிரம்மாண்டமான பழைய மழைநீர்த் தொட்டியும் இருக்கிறது. மாலையில் பிளவின் எதிர்க்கரைக்குக் காரில் சுற்றிப்போய் முர்ஜியா திமோனே மேட்டில் நின்றால், ஒரு படிகூட ஏறாமல் முழு ஊரையும் அம்மா பார்த்துவிடலாம்.

மத்தேராவிலிருந்து ஒரு நாள் காஸ்தெல்மெத்சானோவுக்கு ஒதுக்குங்கள், ஆனால் எந்த நாள் என்று இங்கிருந்தே முடிவுசெய்யாதீர்கள். பல்பல்லாய் எழும் மணற்பாறைக் கோபுரங்களுக்குள் செருகி வைத்தாற்போன்ற அந்த ஊருக்குக் கடைசியில் பாறையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக நுழைய வேண்டும். ஒன்றரை மணிநேரப் பயணத்தின் இறுதிப் பகுதி முழுவதும் வளைவுகள். மூன்று நாள்களில் வானம் தெளிவாக இருக்கும் நாளில் அங்கே போய்விட்டு, மேகம் கவிந்த நாளை 1963-இல் நிலச்சரிவால் மக்கள் வெளியேறத் தொடங்கிய கிராக்கோ ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெறிச்சோடிய குன்றுக்கு மங்கிய வானம்தான் பொருத்தம் என்பது என் கருத்து. இத்தாலியின் பல மலைச்சாலைகளில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயரோ சக்கரச் சங்கிலியோ வண்டியில் இருப்பது கட்டாயம். வெயில் அடித்தாலும் விதி விதிதான். காரை எடுக்கும்போதே டயரின் பக்கவாட்டில் மலைச்சிகரமும் பனித்துகளும் பொறித்த சின்னம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சங்கிலியைக் கேட்டு வாங்குங்கள்.

அபராதம் என்று வரும்போது வெளிநாட்டவர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வேகத்தில் அன்று, ‘த்சேத்தா-தி-எல்லே’ (ZTL) என்று அழைக்கப்படும் வண்டிக் கட்டுப்பாட்டு வட்டாரங்களில்தான். பழைய நகரங்களின் நுழைவில் சிவப்பு விளிம்பிட்ட வெள்ளை வட்டப் பலகை நிற்கும். பக்கத்தில் மின்பலகையில் ‘வார்க்கோ ஆத்தீவோ’ என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, உள்ளே போகக் கூடாது என்று பொருள். ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். அதோடு உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனமும் தனியே கட்டணம் பிடிக்கும். கடிதம் பல மாதம் கழித்துச் சென்னைக்கு வந்து சேரும். லெச்சே, மத்தேரா இரண்டிலும் விடுதிக்காரரிடம் எங்கே நிறுத்துவது என்று முன்பே கேட்டு, கைப்பேசியில் விடுதியின் பெயருக்குப் பதிலாக அந்த நிறுத்துமிடத்தையே இலக்காகக் கொடுங்கள். தெருவோரத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக்கோடு கட்டணம், மஞ்சள் கோடு பிறருக்கு ஒதுக்கப்பட்டது. நெடுஞ்சாலைப் பலகைகளில் பச்சை என்றால் சுங்கம் வாங்கும் அவுத்தோஸ்த்ராதா. நீலம் சாதாரணச் சாலை. அவுத்தோஸ்த்ராதாவில் உச்ச வேகம் 130, மழையில் 110. சுங்கச்சாவடியில், மின்னணுக் கருவி பொருத்திய வண்டிகளுக்கு மட்டுமான மஞ்சள் பாதைக்குள் தவறிப் போய்விட்டால் பின்னோக்கி வராதீர்கள். உதவிப் பொத்தானை அழுத்தினால் சீட்டு அச்சாகி வரும், பிறகு கட்டலாம்.

பெட்ரோல் பங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதியமும் ஞாயிறும் ஆள் இருக்க மாட்டார். நடுவிலுள்ள ஒரு பெட்டியில் பணத்தாளையோ அட்டையையோ முதலில் செருகி, குழாய் எண்ணை அழுத்திப் பிறகுதான் நிரப்ப வேண்டும். ஐம்பது யூரோ செருகி முப்பதுக்கே கொள்கலன் நிறைந்துவிட்டால் மீதி திரும்பாது, ஒரு ரசீதுதான் வரும். அதை ஆள் இருக்கும் நேரத்தில் அதே பங்குக்கு வந்துதான் மாற்ற வேண்டும். ஆகவே சிறிய தாள்களாகச் செருகுங்கள். ‘பென்சீனா’ பெட்ரோல், ‘கசோலியோ’ டீசல். மாற்றி நிரப்பினால் காப்பீடு கைகொடுக்காது. உங்கள் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் தேவை. உங்கள் ஆர்.டி.ஓ. வழியாகவே பெறலாம், ஓராண்டு செல்லும். முன்வைப்புத் தொகைக்கு ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். மனைவி பெயரிலுள்ள கார்டு பெரும்பாலும் செல்லாது.

அம்மா சைவம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வகையில் இத்தாலியில் பூலியாவை மிஞ்ச இடமில்லை. காய்ந்த மொச்சை வகைப் பருப்பைக் குழைய வேகவைத்து, கசப்புக் கீரையோடு ஒலிவ எண்ணெய் விட்டுத் தரும் ‘ஃபாவே எ சிக்கோரியா’ நம் கீரைக் கடைசலின் ஒன்றுவிட்ட உறவு. கொண்டைக்கடலையோடு பாதியை வேகவைத்தும் பாதியைப் பொரித்தும் சேர்த்த பாஸ்தாவான ‘சீச்செரி எ த்ரீயா’ சலேந்தோவின் சொத்து. ஆல்தமூராவின் தடித்த ரொட்டியும் தக்காளி பதித்த பாரி ஃபொக்காச்சாவும் வழிக்கு உதவும். ஆனால் பார்வைக்குச் சுத்த சைவமாகத் தெரியும் ‘ஒரெக்கியெத்தே கொன் சீமே தி ராபா’வில் நெத்திலி வகை மீன் கரைந்திருக்கும், ‘சென்ட்ஸா அச்சூகே’ என்று சொல்லிவிட வேண்டும். நேரம் இன்னும் முக்கியம். சமையலறை பகல் இரண்டரை வாக்கில் மூடினால் இரவு ஏழரை, எட்டுக்கு முன் திறக்காது. கடைகளும் ஒன்றிலிருந்து நான்கு, ஐந்து வரை அடைத்திருக்கும். எனவே காலையில் ஊர் பார்ப்பது, ஒன்றரைக்குள் உட்கார்ந்து உண்பது, கடைகள் அடைத்த நேரத்தில் ஓட்டுவது என்று நாளை அமைத்துக்கொண்டால் எதுவும் வீணாகாது. மார்ச் மூன்றாம் வாரத்தில் ஆறு மணிக்கே சூரியன் மறையும். கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால் அதன் பிறகு ஏழு வரை வெளிச்சம் கிடைக்கும். மலைச்சாலை நாளை அந்த ஞாயிற்றுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் கூடுதல் நிம்மதி.

தேதியை உறுதிசெய்யும் முன் இரண்டு நாள்களைக் கவனியுங்கள். மார்ச் 19 புனித யோசேப்பு நாளையொட்டிச் சலேந்தோவின் சிற்றூர்கள் சிலவற்றில் பெரிய வளைய ரொட்டிகளும் மரக்கறி உணவுகளும் பரப்பிய விருந்து மேசைகளை அமைப்பார்கள். அப்போது லெச்சேயில் இருந்தால் விடுதிக்காரரிடம் எந்த ஊர் என்று விசாரியுங்கள். மற்றொன்று ஈஸ்டர்: 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28. புனித வெள்ளிக்கு முந்தைய வியாழன் முதல் தாரந்தோவில் முகத்தை மறைத்த வெள்ளை அங்கியினர் வெறுங்காலோடு, ஓரடிக்கு ஒரு நிமிடம் என்று தோன்றும் அளவுக்கு ஆடி அசைந்து இரவெல்லாம் ஊர்வலம் வருவார்கள். அதைப் பார்க்க விரும்பினால் மார்த்தினா ஃபிராங்காவில் தங்கும் இரவுகளை அதற்கேற்ப நகர்த்தலாம். ஆனால் ஈஸ்டர் ஞாயிறும் மறுநாள் திங்களும் இத்தாலியர்கள் எல்லாரும் வெளியே சாப்பிடும் நாள்கள். அவ்விரு மதியங்களுக்கும் மேசையை முன்கூட்டியே சொல்லிவைக்காமல் போகாதீர்கள்.

கடைசி நாள் மத்தேராவிலிருந்து த்ரானிக்குச் செல்லும் வழியில் காஸ்தெல் தெல் மோந்தே கோட்டைக்கு ஏறிவிட்டுப் போங்கள். இரண்டாம் ஃபிரெடரிக் பேரரசர் 1240-ஐ ஒட்டிக் கட்டிய இது எண்கோணம், அதன் எட்டு மூலைகளிலும் எண்கோணக் கோபுரங்கள், தளத்துக்கு எட்டு அறைகள். இத்தாலியின் ஒரு சென்ட் நாணயத்தின் பின்புறத்தில் இருப்பது இதுதான். வண்டியைக் கீழே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் அம்மாவுக்கு மேலே செல்லப் பேருந்து ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். த்ரானியில் தங்கினால் மறுநாள் பாரி விமான நிலையம் முக்கால் மணிநேரத்துக்குள் வந்துவிடும். காரை ஒப்படைக்கும் முன் விமான நிலையத்துக்குச் சற்று முன்னாலுள்ள பங்கில் எரிபொருளை நிரப்பி, அந்த ரசீதையும், வண்டியின் நான்கு பக்கங்களையும் சக்கர விளிம்புகளையும் எடுத்த படங்களையும் முன்வைப்புத் தொகை கணக்குக்குத் திரும்பும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.